சீன மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கிலக் கேட்டல், வாசிப்புத் திறன்களைச் சோதிக்கும் வினாத்தாளைத் தயாரிப்பது எப்படி?

சீனாவில் மேல்நிலைப் பள்ளிப் படிப்பு மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளின் முடிவில், ஜூன் மாதம் 7ஆம் தேதி தொடங்கும் காவ்காவ் எனப்படும் தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வு மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது. அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண்கள். எனவே அங்கே ஆங்கில ஆசிரியராகப் பணிபுரியச் செல்பவர், வகுப்புத் தேர்வுக்காகத் தாமே ஒரு வினாத்தாளைத் தயாரிக்க உட்காரும்போது, தம் மாணவர்கள் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான மாதிரித் தாள்களை எழுதிப் பழகியவர்கள் என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பத்தியைப் படிக்காமலேயே விடையை ஊகிக்கும் பயிற்சி அவர்களில் பலருக்கு உண்டு. ஒலிப்பதிவில் பாதியைத் தவறவிட்டாலும் எஞ்சிய பாதியைக்கொண்டு சரியான தெரிவை அடைபவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தைத் தாண்டி, மாணவர் உண்மையில் எதைக் கேட்டார், எதைப் படித்துப் புரிந்துகொண்டார் என்பதை வெளிக்கொண்டுவரும் தாளைத் தயாரிக்கும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் பொதுத் தேர்வின் அமைப்பு

பல மாகாணங்கள் பயன்படுத்தும் தேசியத் தாளில் கேட்டல் பகுதிக்கு 30 மதிப்பெண்களும் வாசிப்புப் பகுதிக்கு 50 மதிப்பெண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. கேட்டல் பகுதியில் 20 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண். முதல் ஐந்து வினாக்கள் ஐந்து சிறு உரையாடல்களைச் சார்ந்தவை. இவை ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும், ஒவ்வொன்றின் பின்னும் 10 வினாடி இடைவெளி கிடைக்கும். அடுத்து வரும் ஐந்து நீண்ட உரையாடல்களும் தனிப்பேச்சுகளும் இரண்டு முறை ஒலிக்கும். வினாக்களை முன்கூட்டிப் படிக்க வினாவுக்கு 5 வினாடியும் விடையளிக்க வினாவுக்கு 5 வினாடியும் தரப்படும். எல்லா வினாக்களுக்கும் மூன்று தெரிவுகள். சட்டையின் விலை என்ன என்று கேட்டு, 9 பவுண்டு 15 பென்ஸ் என்பதை விடையாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஆண்டுதோறும் தாளின் தொடக்கத்தில் இடம்பெற்றுவருவதால், அது சீன மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

வாசிப்புப் பகுதியில் நான்கு பத்திகளும் அவற்றைச் சார்ந்த 15 வினாக்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு தெரிவுகள், இரண்டரை மதிப்பெண். முதல் பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, சுற்றுலா வழிகாட்டி, விளம்பரம் போன்ற பயன்பாட்டு உரையாக இருக்கும். பின்னால் போகப்போக அறிவியல், சமூகம் பற்றிய விளக்க உரைகள் வரும். அதன்பின், ஐந்து வாக்கியங்கள் நீக்கப்பட்ட ஒரு கட்டுரையும் அந்த இடங்களில் பொருத்துவதற்கு ஏழு வாக்கியங்களும் தரப்படும். 'ஏழில் ஐந்து' என்றே சீன ஆசிரியர்கள் இதை அழைக்கிறார்கள்.

மாகாணத்துக்கு மாகாணம் வேறுபாடு உண்டு. பெய்ஜிங்கில் 2021 முதல் கேட்டலும் பேச்சும் சேர்ந்து கணினிவழித் தனித் தேர்வாக 50 மதிப்பெண்களுக்கு நடைபெறுகின்றன. குவாங்டோங்கிலும் கேட்டல், பேச்சுத் தேர்வு கணினியில் தனியாகவே நடைபெறுகிறது. நீங்கள் பணிபுரியும் மாகாணத்தின் முறையைச் சக ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தாளின் வடிவத்தை முடிவு செய்யுங்கள்.

இந்த அமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். ஆனால் ஒவ்வொரு வகுப்புத் தேர்விலும் இதை அப்படியே நகலெடுப்பது தேவையற்றது என்பது என் கருத்து. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு முழு ஒத்திகை வேண்டும். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கோ, எங்கே தடுமாறுகிறார்கள் என்று காட்டும் சிறிய தாள் போதும்: பத்துக் கேட்டல் வினாக்கள், இரண்டு பத்திகள், நாற்பது நிமிடங்கள்.

புளூபிரிண்ட்

வினா எழுதுவதற்கு முன் ஒரு தாளில் அட்டவணை போடுங்கள். வினாத்தாளின் இந்தத் திட்ட வரைவைத்தான் புளூபிரிண்ட் என்கிறோம். இடப்பக்கம் திறன்கள், மேலே உரைகள். கேட்டலில், குறிப்பிட்ட தகவலைப் பிடித்தல், பேசுபவர்களின் உறவையோ இடத்தையோ ஊகித்தல், பேசுபவரின் மனநிலையை அறிதல், பேச்சின் மையக் கருத்தை உணர்தல் ஆகியவை. வாசிப்பில், தகவலைக் கண்டறிதல், சூழலிலிருந்து சொல்லின் பொருளை அறிதல், சொல்லப்படாததை ஊகித்தல், பத்தியின் நோக்கத்தையும் கட்டமைப்பையும் புரிந்துகொள்ளுதல் ஆகியவை. எந்தக் கட்டத்தில் எத்தனை வினாக்கள் என்று எண்ணால் நிரப்புங்கள். இதைச் செய்யாமல் எழுதத் தொடங்கினால், எழுத எளிதான தகவல் வினாக்களே தாளை நிரப்பிவிடும். சீனப் பள்ளிகளில் இத்தகைய அட்டவணையைத் தேர்வுக் குழுவே கேட்டு வாங்குவதும் உண்டு. 2017இல் வெளியாகி 2020இல் திருத்தப்பட்ட மேல்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்திட்டத் தரநிலையையும், ஒன்பது நிலைகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த சீன ஆங்கிலத் திறன் அளவுகோலையும் அருகில் வைத்துக்கொண்டால், எந்த நிலை மாணவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பது தெளிவாகும்.

கேட்டல் பகுதி: அதிக உழைப்பு தேவைப்படும் இடம்

சீன மாணவர்களில் பெரும்பாலோரிடம் கண்ணுக்கும் காதுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது. தாளில் கண்டால் தயக்கமின்றிப் பொருள் சொல்லக்கூடிய சொல்லை, ஒலியாகக் கேட்கும்போது அடையாளம் காண முடியாமல் திகைப்பார்கள். மாண்டரின் மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியிலோ மூக்கொலியிலோ முடிகின்றன. மெய்யொலிகள் கொத்தாக வருவதில்லை. எனவே ஆங்கிலச் சொற்களின் இறுதியில் மெல்லமாக ஒலிக்கும் 'ட்', 'ட்ஸ்' போன்ற ஒலிகள் அவர்கள் காதில் பதியாமல் போகின்றன. அவற்றோடு இறந்தகாலமும் பன்மையும் போய்விடுகின்றன. 'ஹி', 'ஷி' ஆகிய இரண்டுக்கும் மாண்டரின் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. ஆகவே மூன்று பேரைப் பற்றிய உரையாடலில் யார் எதைச் செய்தார் என்ற இழை எளிதில் அறுந்துவிடும். சிச்சுவான், ஹூனான், ஹூபெய் முதலிய பகுதிகளின் பேச்சு வழக்குகளில் 'ந', 'ல' ஒலிகள் கலந்துபோவதால், 'நைட்', 'லைட்' இரண்டும் ஒன்றாகக் கேட்கும் மாணவர்களும் இருப்பார்கள்.

எண்கள் தனிச் சிக்கல். சீன மொழியில் பத்தாயிரத்துக்கு 'வான்' என்ற தனிச் சொல் இருக்கிறது. பெரிய எண்கள் அதை அடிப்படையாகக்கொண்டே எண்ணப்படுகின்றன. நாம் 'ஒரு லட்சத்து இருபதாயிரம்' என்று நினைப்பதை அவர்கள் 'பன்னிரண்டு வான்' என்று நினைக்கிறார்கள். ஆங்கிலமோ 'நூற்றிருபது ஆயிரம்' என்கிறது. லட்சத்திலும் கோடியிலும் எண்ணிப் பழகிய தமிழ் ஆசிரியருக்கு இந்த மாற்றத்தின் சுமை எளிதில் புரியும். இன்னொன்று, எதிர்மறைக் கேள்விக்கான விடை. 'நீ வரவில்லையா?' என்று கேட்டால் 'ஆமாம், வரவில்லை' என்று தமிழில் சொல்வது போலவே சீனத்திலும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'நோ' என்று தொடங்க வேண்டும். அனுமதி கேட்கும் 'டூ யூ மைண்ட்' வினாவுக்கு வரும் 'நோ' உண்மையில் சம்மதம் என்பதும் பலரை வழுக்கிவிடும்.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டவுடன், ஒவ்வொரு வினாவிலும் ஒரு கண்ணி வைக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' வேறுபாட்டைச் சோதிக்கும் வினா ஒன்று இருக்கலாம். ஐந்து இருந்தால் அந்தத் தாள் எண்ணொலியை மட்டுமே அளக்கிறது. பழக்கமான ஒரு வகை வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண், சொற்பொழிவு ஏழு மணிக்குத்தானே என்று கேட்கிறாள்; அரை மணி நேரம் முன்னதாக மாற்றிவிட்டார்கள், இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது என்று ஆண் சொல்கிறான். இப்போது மணி என்ன? விடை 6:20. மாணவர் இங்கே மூன்று செய்திகளைக் கேட்க வேண்டும், பிறகு இரண்டு முறை கழிக்க வேண்டும். தவறாக எழுதியவர் கேட்கவில்லையா, கணக்கில் பிசகினாரா என்று நமக்குத் தெரியாது. அதே உரையாடலை வைத்துக்கொண்டு, சொற்பொழிவு எப்போது தொடங்கும் என்றோ, பெண் எதைத் தவறாக நினைத்திருந்தாள் என்றோ கேட்டால், முன்னதாக மாற்றப்பட்டதை மாணவர் பிடித்தாரா என்பது மட்டும் தெளிவாக வெளிப்படும்.

உரையாடலை எழுதும்போது, எழுத்து மொழியில் எழுதிவிட்டுப் பிறகு வாசிக்கச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இரண்டு பேரை உட்காரவைத்து, சூழலை மட்டும் சொல்லிப் பேசவைத்துப் பதிவு செய்து, அதிலிருந்து பிரதியைத் திருத்தி எழுதினால், தயக்கமும் திரும்பச் சொல்லுதலும் பாதியில் திருத்திக்கொள்ளுதலும் இயல்பாக அமையும். ஒரு குரல் ஆணும் ஒரு குரல் பெண்ணுமாக இருப்பது நடைமுறைத் தேவை. இல்லாவிட்டால் யார் சொன்னது என்று கேட்கும் வினாக்களை எழுதவே முடியாது. முதலாம் ஆண்டுக்கு நிமிடத்துக்கு 120 சொற்கள் அளவில் தொடங்கி, மூன்றாம் ஆண்டில் இயல்பான பேச்சு வேகத்துக்கு வந்துவிடலாம். சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து உச்சரிக்க வேண்டாம். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கேட்டல் திறன் சோதிக்கப்படுகிறது.

என் முதல் தாளில் நான் செய்த தவறொன்றைச் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவை நானே என் குரலில் செய்தேன். ஓராண்டாக என் வகுப்பில் இருந்த மாணவர்கள் நன்றாகவே விடையளித்தார்கள். பக்கத்து வகுப்பு மாணவர்கள் அதே தாளில் மிகவும் பின்தங்கினார்கள். அந்தத் தாள் அளந்தது ஆங்கிலத்தை அல்ல, என் குரலோடும் என் உச்சரிப்போடும் அவர்களுக்கு இருந்த பழக்கத்தை. அதன்பின், வகுப்பில் பாடம் எடுக்காத குறைந்தது இரண்டு பேரின் குரல் இல்லாமல் நான் பதிவு செய்ததில்லை.

தெரிவுகளைச் சுருக்கமாக, ஒலிப்பதிவில் உள்ளதைவிட எளிய சொற்களில் எழுதுங்கள். நீளமான தெரிவுகள் கேட்டல் வினாவை வாசிப்பு வினாவாக மாற்றிவிடும். சரியான விடை, கேட்ட கருத்தை வேறு சொற்களில் சொல்வதாக இருக்க வேண்டும் என்பது நல்ல விதிதான். ஆனால் 'காதில் விழுந்த சொல் இருக்கும் தெரிவைத் தேர்ந்தெடுக்காதே' என்று மாணவர்களுக்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். எல்லா வினாக்களிலும் அந்த விதி பலித்தால், எதையும் புரிந்துகொள்ளாதவரும் மதிப்பெண் பெறுவார். எனவே சில வினாக்களில், கேட்ட சொல்லே சரியான விடையிலும் இடம்பெறட்டும். வினாக்கள் ஒலிப்பதிவின் வரிசையிலேயே வரவேண்டும். இரண்டு விடைகளுக்கு இடையே மாணவர் மூச்சுவிடும் அளவுக்கு உரையில் இடைவெளி இருக்க வேண்டும்.

இடைவெளி வினாடிகளையும் இரண்டாம் முறை ஒலித்தலையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள். கண்காணிப்பாளர் எதையும் நிறுத்தவோ திருப்பவோ வேண்டியதில்லை. தேர்வுக்கு முந்தைய நாள், ஐம்பது பேர் அமரும் வகுப்பறையின் கடைசி வரிசையில், ஜன்னல் பக்கத்து மூலையில் உட்கார்ந்து முழுப் பதிவையும் ஒருமுறை கேளுங்கள்.

வாசிப்புப் பகுதி

பத்தியைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. இணையத்தில் எளிதில் கிடைக்கும் மாதிரித் தாள்களின் பத்திகளை மாணவர்களில் சிலர் ஏற்கெனவே படித்திருப்பார்கள். அவர்களுக்கு அது நினைவாற்றல் தேர்வாகிவிடும். புதிய உரையை எடுத்து, சுமார் 300 சொற்களுக்குச் சுருக்குங்கள். சுருக்கும்போது வாக்கியங்களை வெட்டுவதைவிடக் கிளைச்செய்திகளை நீக்குவது நல்லது. வாதத்தின் கண்ணிகள் அறுந்துபோனால் ஊக வினா எழுத எதுவும் மிஞ்சாது. கட்டாயப் பாடங்களையும் உயர்கல்விக்குச் செல்வோருக்கான தெரிவுப் பாடங்களையும் முடித்த மாணவருக்குச் சுமார் 3000 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்பது பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்பு. அதற்கு வெளியே உள்ள, ஊகிக்க வழியில்லாத சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் சீனப் பொருள் தருவது காவ்காவிலும் உள்ள வழக்கம். நீங்களும் அதைப் பின்பற்றலாம். நூறு சொல்லுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் அத்தகைய சொற்கள் வந்தால் அந்தப் பத்தியையே கைவிடுங்கள்.

பொருளிலும் கவனம் தேவை. ஷாங்காய் மாணவருக்குப் பழக்கமான பனிச்சறுக்கு விடுதியும் விமான நிலையச் சோதனையும் குய்சோவின் மலைக் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம். முன்னறிவு இருந்தால் மட்டுமே புரியும் பத்தி, மாணவரின் குடும்ப வசதியைத்தான் அளக்கும்.

இனி வினாக்கள். ஒரு சிறிய பத்தியை நானே கற்பனை செய்கிறேன்: சிற்றூர் நூலகம் ஒன்று புத்தகங்களோடு ஏணி, துளையிடும் கருவி முதலியவற்றையும் இரவல் கொடுக்கத் தொடங்குகிறது, முதல் சில மாதங்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, சனிக்கிழமைகளில் பழுதுபார்க்கும் வகுப்பு தொடங்கிய பிறகு காத்திருப்போர் பட்டியலே போட வேண்டியிருந்தது. இரவல் வாங்குவோர் பெருகியது ஏன் என்பது வினா. 'கருவிகள் இலவசம் என்பதால்' என்ற தெரிவு பொது அறிவுக்குப் பொருந்துகிறது, ஆனால் பத்தியில் இல்லை. 'நூலகம் புத்தகங்களை நிறுத்திவிட்டதால்' என்பது பத்தியின் சொல்லை எடுத்து உண்மையைத் திரிக்கிறது. 'ஊரில் கருவிகளுக்குத் தட்டுப்பாடு வந்ததால்' என்பது கிளைக் கற்பனை. 'கருவிகளைப் பயன்படுத்த மக்கள் கற்றுக்கொண்டதால்' என்பதே விடை. வகுப்புக்கும் பட்டியலுக்கும் இடையிலான காரணத் தொடர்பைப் பத்தி வெளிப்படையாகச் சொல்லவில்லை என்றாலும், இரண்டு வாக்கியங்களைச் சேர்த்துப் படித்தவர் அதை அடைவார். தவறான தெரிவு ஒவ்வொன்றும் ஒரு வகைத் தவறான வாசிப்பின் விளைவாக இருப்பதைக் கவனியுங்கள். பிற்பாடு மாணவர் எந்தத் தெரிவைக் குறித்தார் என்பதிலிருந்து அவர் எப்படிப் படித்தார் என்று சொல்ல முடிவது அதனால்தான்.

வினாக்கள் தயாரானதும், பத்தியைத் தராமல் வினாக்களை மட்டும் இரண்டு சக ஆசிரியர்களிடம் கொடுத்து விடையளிக்கச் சொல்லுங்கள். கேட்டல் வினாக்களுக்கும் ஒலிப்பதிவு இல்லாமல் இதையே செய்யுங்கள். இருவரும் சரியாகக் குறித்த வினாவை மாற்றி எழுதியே ஆக வேண்டும். பெரும்பாலும் காரணம், சரியான விடை மட்டும் நீளமாக இருப்பது, அல்லது மற்றவற்றில் 'எப்போதும்', 'எல்லாம்', 'மட்டுமே' போன்ற முழுமைச் சொற்கள் இருப்பது. சீன மாணவர்கள் இவற்றை நொடியில் கண்டுகொள்வார்கள்.

நீண்ட வாக்கியங்களைச் சோதிக்க விரும்பினால், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் விளக்கத் தொடர்களைக் கவனியுங்கள். 'நேற்று நான் சந்தித்த ஆசிரியர்' என்று தமிழில் விளக்கம் முன்னால் வருவது போலவே சீனத்திலும் முன்னால்தான் வரும். ஆங்கிலத்தில் அது பின்னால் வந்து, எழுவாய்க்கும் வினைக்கும் இடையே புகுந்துகொள்ளும்போது மாணவர்கள் எழுவாயைத் தவறவிடுகிறார்கள். அத்தகைய வாக்கியத்தை அடிப்படையாகக்கொண்ட ஒரு தகவல் வினா, இலக்கண வினாவைவிட நன்றாக வாசிப்பைக் காட்டிக்கொடுக்கும்.

ஏழில் ஐந்து வகை வினாவில், 'இருப்பினும்', 'அவர்கள்', 'இந்த மாற்றம்' போன்று முன்பின் வாக்கியத்தோடு கைகோத்திருக்கும் வாக்கியங்களை மட்டுமே நீக்குங்கள். கூடுதலாகச் சேர்க்கும் இரண்டும் அதே பொருளைப் பேச வேண்டும், ஆனால் எந்த இடத்திலும் ஒட்டக் கூடாது. முடித்த பிறகு ஏழு வாக்கியங்களையும் ஐந்து இடங்களிலும் வைத்துப் பாருங்கள். முப்பத்தைந்து முறை படிப்பது சலிப்பாக இருந்தாலும், ஓரிடத்தில் இரண்டு வாக்கியங்கள் பொருந்திவிடும் பிழையைக் கண்டுபிடிக்க வேறு வழி இல்லை.

தேர்வுக்குப் பிறகு

ஐம்பது பேர் எழுதியதாக வைத்துக்கொள்வோம். மூன்று தெரிவுகள் கொண்ட கேட்டல் வினாவில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சுமார் 17 பேர் சரியாகக் குறித்துவிடுவார்கள். நான்கு தெரிவுகள் கொண்ட வாசிப்பு வினாவில் 12 அல்லது 13 பேர். எனவே 18 பேர் சரியாகக் குறித்த கேட்டல் வினா, ஏறக்குறைய யாருக்கும் புரியாத வினா என்றே கொள்ள வேண்டும். பிறகு மொத்த மதிப்பெண்படி மேலே உள்ள 27 சதவீதத்தினரையும் கீழே உள்ள 27 சதவீதத்தினரையும், அதாவது இங்கே 13 பேர் வீதம், தனியே பிரியுங்கள். ஒரு வினாவுக்கு மேல் குழுவில் 12 பேரும் கீழ்க் குழுவில் 5 பேரும் சரியாக விடையளித்திருந்தால், வேறுபாடு 7. அதை 13ஆல் வகுத்தால் 0.54. இது, திறன் மிக்கவரையும் குறைந்தவரையும் நன்கு பிரித்தறியும் வினா. 0.2க்குக் கீழே வந்தால் வினாவை மறுபடி படித்துப் பாருங்கள். எதிர்மறை எண் வந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். ஒருவர்கூடக் குறிக்காத தெரிவை அடுத்த முறை மாற்றிவிடுங்கள்.

எண்கள் எங்கே சிக்கல் என்று காட்டும். ஏன் என்று காட்டாது. அதற்கு நான் கையாளும் முறை இது. அதிகம் பேர் தவறவிட்ட இரண்டு கேட்டல் உரைகளை மறுநாள் வகுப்பில் மீண்டும் ஒலிக்கவைத்து, காதில் விழுந்ததை அப்படியே எழுதச் சொல்கிறேன். பிறகு அச்சிட்ட பிரதியைக் கொடுத்து, எழுதாமல் விட்ட இடங்களைச் சிவப்பு மையால் அடிக்கோடிடச் சொல்கிறேன். அடிக்கோடிட்ட சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் பக்கத்தில் ஒரு வட்டம், தெரியாவிட்டால் ஒரு பெருக்கல் குறி. வட்டங்கள் அதிகம் உள்ளவருக்கு வாசிப்பில் சிக்கல் இல்லை, ஒலியில் சிக்கல். அவருக்குப் பிரதியைப் பார்த்துக்கொண்டே கேட்கும் பயிற்சியும் உடன் சேர்ந்து உச்சரிக்கும் பயிற்சியும் வேண்டும். பெருக்கல் குறிகள் அதிகம் உள்ளவருக்கு எத்தனை முறை ஒலிக்கவைத்தாலும் பயன் இல்லை. அவருக்குச் சொல்வளமே முதல் தேவை. இந்தத் தாள்களைத் திரும்ப வாங்கி, மாணவர் பெயரோடு ஒரு கோப்பில் வைத்து, அடுத்த தேர்வின் புளூபிரிண்ட்டை அதிலிருந்து தொடங்குங்கள்.